‘நான்’ என்பதை ‘அவர்’ ஆக்கச் சொன்ன கைப்பிரதி மதிப்பீட்டுச் சேவை

புனைகதை எழுதுகிறவர்களின் கைப்பிரதியைக் கட்டணம் பெற்றுக்கொண்டு வாசித்து, அதன் நிறைகுறைகளை எழுத்தில் தருகிற சேவைகள் இப்போது தமிழிலும் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றுக்குச் சென்ற ஆண்டு என் குறுநாவலை அனுப்பினேன். 40,000 சொற்களுக்கு உட்பட்ட பிரதிக்குக் கட்டணம் 9,000 ரூபாய். 8 வாரங்களில் மதிப்பீட்டு அறிக்கை வரும். அதன் பிறகு 45 நிமிடம் இணையவழியில் பேசலாம். மேலும் 1,500 ரூபாய் கட்டினால், பிரதியை அச்செடுத்து, ஓரங்களில் பென்சிலால் குறிப்பெழுதி அஞ்சலில் அனுப்புவார்கள். பென்சில் குறிப்பு எதற்கு என்று முதலில் தயங்கி, கடைசி நேரத்தில்தான் அந்தக் கூடுதல் தொகையையும் கட்டினேன். சேவையின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகளில் பாதி அவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. கதையெழுதக் கற்றுத்தருகிற பலரிடமும் காணப்படுபவை.

பிரதியைப் பற்றிச் சிறிது சொல்லாவிட்டால் அதற்குக் கிடைத்த மதிப்பீட்டை எடைபோட முடியாது. அரசுப் பேருந்து நடத்துநர் ஒருவரின் கதையை, அவர் இறந்து ஓராண்டு கழிந்தபின், அவருடைய மகள் தன்மையில், அதாவது ‘நான்’ என்று, சொல்கிறாள். மகளுக்கு இப்போது 41 வயது. கதையின் மையச் சம்பவம் அவள் பிறப்பதற்கு முன்பே நடந்துவிட்டது. 1983-இல் ஓர் இரவு, கடைசி நடையில் ஏறிய கிழவி ஒருத்திக்கு நடத்துநர் டிக்கெட் கிழிக்காமல் விட்டுவிடுகிறார். வழியில் செக்கர்கள் ஏறுகிறார்கள். மறுநாள் காலை டிப்போவில் சஸ்பெண்ட் உத்தரவு காத்திருக்கிறது. காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு டிக்கெட் கொடுக்காமல் இருந்தாரா, காசே வாங்காமல் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டாரா என்பது குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டவர்களுக்கு அவர் கடைசி வரை பதில் சொல்லவில்லை. மகள் அந்த ஓரிரவைப் பலரிடமும் கேட்டு, துண்டுதுண்டாகச் சேர்த்துப் பார்க்கிறாள். 9 அத்தியாயங்கள், ஏறத்தாழ 31,000 சொற்கள்.

அறிக்கை 8 வாரத்தில் வரவில்லை, 11 வாரத்தில் வந்தது. தாமதத்தை முன்கூட்டியே தெரிவித்தார்கள் என்பதால் அதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை. 11 பக்கங்கள் கொண்ட அந்த அறிக்கையில் 7 பக்கங்கள் ஒரே பரிந்துரையைச் சுற்றியே எழுதப்பட்டிருந்தன: கதையைத் தன்மைக் கூற்றிலிருந்து, ‘அவர்’, ‘அவள்’ என்று சொல்லும் படர்க்கைக் கூற்றுக்கு மாற்றிவிடுங்கள். மையச் சம்பவம் நடந்த இடத்தில் கதைசொல்லி இல்லாதபோது அதை அவள் எவ்வாறு விவரிக்க முடியும் என்பது முதல் காரணம். ‘நான்’ என்ற சொல் அளவுக்கு மீறி வருகிறது என்பது அடுத்தது. முதல் நூல் எழுதுகிறவர் தன்மையில் எழுதினால் வாசகர்கள் அதைச் சுயசரிதையாகவே கொள்வார்கள் என்பது இறுதியானது.

இறுதிக் காரணத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். தமிழின் முதல் நாவலாகக் கொள்ளப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வெளிவந்தபோதே கதாநாயகன் தன் கதையைத் தானே சொல்வதாகத்தான் அமைந்திருந்தது. எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர் என்பதால் பிரதாப முதலியாரையும் முன்சீப்பாக எண்ணிக்கொள்ள வேண்டிய தேவை வாசகருக்கு ஏற்படவில்லை. அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பே, அகப்பாடல் ஒவ்வொன்றையும் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று பேசுகிறவரை வைத்தே வகைப்படுத்திய மரபு நம்முடையது. ஐந்திணை எனப்படும் அந்த அகப்பாடல்களில் ஒருவருடைய இயற்பெயரும் சுட்டப்படக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்ததனால், பாடலுக்குள் பேசும் ‘நான்’ பாடிய புலவருடையது அல்ல என்பது விதியாகவே நிலைத்தது. இப்படிப் பழகிய வாசகரிடம், ‘நான்’ என்று எழுதினால் உங்களையே நினைத்துக்கொள்வார் என்று எச்சரிப்பது, மீன்காரரிடம் முள் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதைப் போன்றது.

இரண்டாவது காரணத்தில் உண்மை இருந்தது, மருந்துதான் வேறு. முதல் அத்தியாயத்தின் முதல் இரண்டு பக்கங்களில் 23 இடங்களில் ‘நான்’ வந்திருப்பதை அறிக்கை எண்ணிச் சொல்லியிருந்தது. எண்ணிப் பார்த்தேன், சரிதான், வெட்கமாகவும் இருந்தது. ஆனால் தமிழில் வினைமுற்றின் விகுதியே எழுவாயைச் சுமந்துகொண்டு வருகிறது. ‘போனேன்’ என்றால் போதும். போனது யார் என்ற ஐயம் எழாது. அந்த 23-இல் 17-ஐ நீக்கியும் ஒரு வாக்கியம்கூடக் கெடவில்லை. மாறாக, எஞ்சிய ஆறும் அழுத்தம் பெற்றன. மற்றவர்கள் போகாதபோது தான் மட்டும் போனாள் என்ற பொருள் அவற்றுக்குத் தானாகவே வந்து சேர்ந்தது. எழுவாயை விட்டுவிட முடியாத மொழிகளில் எழுதுகிறவர்களுக்குச் சொல்லப்பட்ட குறை இது என்பதும், அது நம்மிடம் வந்து சேரும்போது அதற்கான தீர்வும் மாறிவிடுகிறது என்பதும் அறிக்கை எழுதியவருக்குத் தோன்றாமல் போனது எனக்கு வியப்பளித்தது.

முதல் காரணம்தான் உண்மையிலேயே கனமானது. அதை நான் எளிதில் தள்ளிவிடவில்லை. காணாததைத் தன்மையில் சொல்வது எப்படி என்பது தமிழ்ச் சிறுகதையின் தொடக்கத்திலேயே எழுந்துவிட்ட கேள்வி. வ. வே. சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ கதையில் மரமே கதை சொல்கிறது. நகர முடியாத அந்தக் கதைசொல்லி, குளத்தங்கரையில் தான் கண்டதையும் கேட்டதையும் கொண்டுதான் ருக்மிணியின் கதையைக் கட்டியாக வேண்டும். சுந்தர ராமசாமி ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் தாமோதர ஆசானைக் கொண்டுவந்து உட்காரவைத்து, சிறுவர்கள் சூழ்ந்திருந்து கேட்பதாக ஊரின் பழைய கதையைச் சொல்ல வைத்தார். காணாமை அங்கே குறையாக இல்லை. கேட்பவர்களின் ஆவலாக மாறிவிடுகிறது. இவற்றைத் தவிர தமிழ் தருகிற ஒரு கருவியும் உண்டு: ‘ஆம்’ என்ற விகுதி. “செக்கர் விசில் ஊதினாராம், அப்பா பையை மடியில் இறுக்கிக்கொண்டாராம்” என்று எழுதினால், சொல்கிறவள் அங்கே இல்லை, பிறர் சொல்லக் கேட்டிருக்கிறாள், அதற்கு அவள் முழுப் பொறுப்பு ஏற்கவில்லை என்ற மூன்றும் ஓரெழுத்துச் செலவில் வந்துவிடுகின்றன. என் பிரதியில் மூன்றாம் அத்தியாயம் முழுவதும் இந்த விகுதியால்தான் நடந்தது.

அங்கேதான் நான் தவறினேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்துக்கு ‘ஆம்’ அழகாக இருக்கிறது. பன்னிரண்டு பக்கத்துக்கு அது திண்ணைப் புறணியாகிவிடுகிறது. கிழவி பேருந்தில் ஏறுகிற இடத்தில் வாசகர் அங்கே நின்றாக வேண்டும். நானோ ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அவரைத் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தேன். அறிக்கை இதை ‘சம்பவத்தின் உடனடித்தன்மை குறைகிறது’ என்ற ஒரு வரியில் சொல்லிச் சென்றது. அந்த வரி சரியானது. அதனால்தான், பரிந்துரையை ஏற்காவிட்டாலும் செய்து பார்த்துவிடுவோம் என்று மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் படர்க்கைக்கு மாற்ற உட்கார்ந்தேன்.

முதல் வாக்கியத்திலேயே பேனா நின்றுவிட்டது. மகள் சொல்லும்போது அவர் ‘அப்பா’. அப்பா வந்தார், அப்பா போனார். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. படர்க்கையில் அவருக்குப் பெயர் வேண்டும், சுப்பையா. பெயர் வந்தவுடன் வினைமுற்று கேட்கிறது: சுப்பையா பேருந்தில் ஏறினானா, ஏறினாரா? ‘ஏறினான்’ என்றால் கதைசொல்லி அவரைவிட மூத்தவராகவோ, மேலே நிற்பவராகவோ, நெருங்கிய தோழராகவோ ஆகிவிடுகிறார். ‘ஏறினார்’ என்றால் கதைசொல்லி கைகட்டி நிற்கிறார். 24 வயது இளைஞர் ஒருவர் சம்பளம் ஏறிய நாளில் சினிமாவுக்குப் போவதைக்கூட மரியாதையோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்க இடமில்லை. அடுத்த பத்தியில் அவருடைய மனைவி வருகிறாள். பாருங்கள், ‘வருகிறாள்’ என்று இந்தக் கட்டுரையிலேயே என் கை எழுதிவிட்டது, மகளுக்கும் தொடக்கத்திலிருந்தே ‘அவள்’தான், கணவருக்கு மட்டும் ‘அவர்’. பண்ணையார் வந்தார், பண்ணையாள் வந்தான் என்று, பாத்திரங்கள் பேசும் இடத்தில் அல்லாமல் ஆசிரியர் தாமே பேசும் இடத்திலும் எழுதிச் சென்ற படர்க்கைக் கதைகள் நம்மிடம் ஏராளம். அந்தச் சாய்வை வாசிக்கிறவர் பெரும்பாலும் கவனிப்பதில்லை, எழுதுகிறவரும் கவனிப்பதில்லை. அது இலக்கணமாக இருப்பதால் கருத்தாகத் தெரிவதில்லை.

தன்மைக் கூற்றிலும் இதே சாய்வு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே அதற்கு ஓர் உரிமையாளர் உண்டு. மகள் தன் தந்தையை ‘அவர்’ என்றும் சின்னம்மாவை ‘அவள்’ என்றும் சொன்னால், அது அந்த மகளைப் பற்றிய செய்தி. அதே சொற்களைப் படர்க்கையில் எழுதினால் அது யாருடைய மரியாதை, யாருடைய மரியாதைக் குறைவு? ‘நடுநிலையான, எல்லாம் அறிந்த கதைசொல்லி’ என்று அறிக்கை திரும்பத் திரும்பக் குறிப்பிட்ட அந்த ஆள் தமிழில் வாய் திறந்த கணத்திலேயே ஒரு வயதையும் ஒரு சாதிப் பழக்கத்தையும் ஒரு வீட்டு வளர்ப்பையும் காட்டிவிடுகிறார். கேமரா நடத்துநரின் தோளுக்குப் பின்னால் இருக்கட்டும் என்று 5-ஆம் பக்கத்தில் ஓர் அறிவுரை இருந்தது. கேமராவுக்கு மரியாதை தெரிய வேண்டியதில்லை. தமிழ் வினைமுற்றுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். இந்த ஒரு செய்தி அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் இல்லை என்பதுதான் சேவையின் மேல் எனக்குள்ள முதன்மையான குறை.

படர்க்கை எனக்குக் கற்றுக்கொடுத்ததும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. மூன்றாம் அத்தியாயத்தின் உச்சத்தில், செக்கர் பையை வாங்கி எண்ணும்போது, நடத்துநரின் மனத்தில் ஓர் எண்ணம் ஓட வேண்டும். “சுப்பையா தவறு செய்துவிட்டார்” என்று எழுதலாம். அது வெளியிலிருந்து வழங்கும் தீர்ப்பு. “தான் தவறு செய்துவிட்டதாகச் சுப்பையாவுக்குத் தோன்றியது” என்று எழுதலாம். ‘தான்’ என்ற சொல் கதைசொல்லியை ஓரடி உள்ளே நகர்த்துகிறது, தீர்ப்பு அவருடையதாகிறது. “தப்புப் பண்ணிட்டேன் என்று தோன்றியது” என்றும் எழுதலாம். மேற்கோள் குறி எதுவுமின்றி, ‘என்று’ என்ற ஒற்றைச் சொல்லின் கதவு வழியே படர்க்கைக்குள் ஒரு தன்மை நுழைந்து, தன் பேச்சுத்தமிழையும் கூடவே அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறது. தன்மையா படர்க்கையா என்று இரண்டு அறைகளாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, படர்க்கைக்குள்ளேயே இத்தனை படிகள் உண்டு என்பது அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதிய பதினைந்து நாட்களில்தான் கையில் தட்டுப்பட்டது. அறிக்கை ‘நெருங்கிய படர்க்கை’ என்று ஒரு பெயரைக் கொடுத்தது. அந்தப் பெயரால் பயனில்லை. ‘தான்’, ‘என்று’ ஆகிய இரண்டையும் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தால் கட்டணத்தில் பாதிக்கு ஈடாகியிருக்கும்.

ஒரே நிகழ்ச்சியை இரண்டு கூற்றிலும் வைத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்குத் தமிழில் கையருகே ஒரு பாடம் இருக்கிறது. அதையும் அறிக்கை தொடவில்லை. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966-இல் வந்தது. மழையில் காரில் ஏறிய பெண்ணின் கதை, படர்க்கையில். பின்னர் அதே பெண்ணை வைத்து அவர் எழுதிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் கங்கா தானே பேசுகிறாள். சிறுகதையில் பெண் வீடு திரும்புகிறாள், தாய் அவள் தலையில் தண்ணீரை ஊற்றிச் சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். படர்க்கை அந்த இடத்தில் மெல்லத் தாயின் பக்கம் சாய்ந்து, கதையின் பாரத்தை அவள் கையில் கொடுத்துவிடுகிறது. நாவலில் தாய் அப்படிச் செய்யவில்லை. விஷயம் வெளியே தெரிந்துவிடுகிறது. அதன் பிறகான ஆண்டுகளைக் கங்கா தன் வாயால் சொல்கிறாள். பத்திரிகையில் வந்த சிறுகதையைக் கங்கா நாவலுக்குள்ளேயே வாசிக்கிறாள் என்பது இன்னும் நுட்பமானது: தன்னைப் பிறர் ‘அவள்’ என்று சொல்லிவிட்ட கதையைப் படித்துவிட்டு ‘நான்’ என்று பேசத் தொடங்குகிற பெண் அவள். ஆகவே, கூற்றை மாற்றுவது சட்டையை மாற்றுவதல்ல. அது யாருடைய கதை என்பதே மாறிவிடுகிறது. என் மூன்றாம் அத்தியாயத்தைப் படர்க்கையில் எழுதி முடித்துப் படித்தபோது நடந்ததும் அதுதான். நடத்துநர் நன்றாக வந்திருந்தார், மகளைக் காணவில்லை. அவள் ஏன் இதைத் தேடுகிறாள் என்ற கேள்வியும் அவளோடு போய்விட்டது. நடத்துநரின் மனத்துக்குள் நுழைய முடிந்துவிட்டதால், அவர் காசு வாங்கினாரா இல்லையா என்பதை நான் சொல்லியாக வேண்டும், அல்லது தெரிந்தும் வேண்டுமென்றே ஒளிக்க வேண்டும். முதலாவது கதையை முடித்துவிடும். இரண்டாவது வாசகரை ஏமாற்றுவது. தன்மையில் இருந்தவரை, தெரியாது என்பது மகளின் உண்மையாக இருந்தது.

இனி, அறிக்கையின் மிகப் பெரிய தவற்றுக்கு வருகிறேன். ஆறு இடங்களில் அது கதைசொல்லியை ‘மகன்’ என்று குறிப்பிட்டிருந்தது. 19-ஆம் பக்கத்தில் அவள் தாவணி கட்டுகிறாள். 40-ஆம் பக்கத்தில் பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு வருகிறாள். பிரதியை முழுமையாக வாசித்தார்களா என்று கோபமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். இரண்டு நாளில் மன்னிப்பும் திருத்திய அறிக்கையும் வந்தன. கோபம் தணிந்தபின் யோசித்தேன். ‘வந்தேன்’, ‘போனேன்’ என்பவற்றில் ஆண்பால் பெண்பால் இல்லை. முதல் 18 பக்கங்களில் அவளைப் பெண்ணென்று அறிய நான் ஒரு தடயமும் வைக்கவில்லை. பேருந்து, டிப்போ, செக்கர் என்ற சூழலில் வாசிக்கிறவர் தாமாகவே ஒரு மகனை வரவழைத்துக்கொண்டார். படர்க்கையில் ‘அவள்’ என்று எழுதும்போது இது நடக்க வாய்ப்பே இல்லை. முதல் வினைமுற்றிலேயே பால் வெளிப்பட்டுவிடும். வேண்டுமென்று செய்தால் அது தன்மையின் ஒரு வித்தை. தெரியாமல் செய்தால் பிழை. என்னுடையது பிழை. மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் சேர்த்துச் சரிசெய்தேன். சேவை செய்த தவறு எனக்கு உதவியது என்று எழுதுவது விசித்திரமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான்.

இணையவழி உரையாடல் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. அறிக்கை எழுதியவரே பேசினார். மறுத்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். தன்மையில் எழுதினால், பத்தாம் வகுப்பு வரை படித்த ஒரு பெண் ஏன் இவ்வளவு திருத்தமான எழுத்துத்தமிழில் கதை சொல்கிறாள் என்று அவர் கேட்டதுதான் அந்த 45 நிமிடத்தின் மதிப்பு. படர்க்கைக் கதையில் ஆசிரியர் எழுத்துத்தமிழிலும் பாத்திரங்கள் பேச்சுத்தமிழிலும் இருப்பது நமக்குப் பழகிப்போன ஏற்பாடு. யாரும் கேள்வி கேட்பதில்லை. தன்மையில் அந்தச் சுவர் இல்லை. சொல்கிறவளே பாத்திரம் என்னும்போது இரண்டு தமிழில் எது அவளுடையது? இமையத்தின் ‘எங்கதெ’யைப் போல முழுவதையும் பேச்சுமொழியில் கொட்டிவிடலாம், அதற்கு அந்த வட்டார வழக்கு எழுதுகிறவரின் நாவிலேயே இருக்க வேண்டும், எனக்கு இல்லை. மகள் தையற்கடை வைத்திருப்பவள், பழைய வாரப் பத்திரிகைகளை விடாமல் வாசிப்பவள் என்று இரண்டு இடத்தில் சேர்த்து, அவளுடைய எழுத்துத்தமிழுக்கு ஒரு காரணம் கொடுத்தேன். வாக்கியங்களையும் அதற்கேற்பக் குறுக்கினேன். இவ்வளவு முக்கியமான கேள்வி அறிக்கையில் ஏன் இல்லை என்று கேட்டதற்கு, அறிக்கைக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது, அதற்குள் இது வருவதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். வார்ப்பை உடைத்துவிடலாமே என்று சொன்னேன்; சிரித்தார்.

கட்டணத்தைப் பொறுத்தவரை என் தீர்ப்பு இது. அறிக்கை மட்டும் என்றால் 9,000 ரூபாய் அதிகம். அதில் உள்ளவற்றில் பெரும்பகுதி எந்தக் கதைக்கும் எழுதப்படக்கூடியது; தன்மை என்றால் நெருக்கம், படர்க்கை என்றால் விரிவு என்ற வாய்பாட்டை என் பிரதியின் மேல் வைத்து அழுத்தியது போலவே இருந்தது. உரையாடலையும் சேர்த்தால் ஏறக்குறைய நியாயம். பென்சில் குறிப்புகளோடு சேர்த்தால் தாராளமாகக் கொடுக்கலாம். அனுப்புகிறவர்கள் ஓர் அத்தியாயத்தையாவது தாங்களே இன்னொரு கூற்றில் மாற்றி எழுதிப் பார்த்துவிட்டு, இரண்டையும் சேர்த்து அனுப்பினால் கிடைக்கிற பதில் பொதுவாக இருக்க வழியில்லை என்று நினைக்கிறேன். படர்க்கையில் எழுதியவர்களுக்கு இந்தச் சேவை எப்படிப் பயன்படும் என்று சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை.

அந்தப் பென்சில் குறிப்புகளை எழுதியவர் வேறொருவர் என்பது கையெழுத்தைப் பார்த்தவுடன் தெரிந்தது. அறிக்கையோடு அவர் பல இடங்களில் உடன்படவும் இல்லை. சாய்ந்த, மிகச் சிறிய எழுத்து. நீண்ட கருத்து எதுவும் இல்லை, பெரும்பாலும் கேள்விகள். வீட்டாரைக் குறித்து நான் ‘நாம்’ என்று எழுதிவிட்ட இடத்தில் “வாசகரையும் இந்த வீட்டில் சேர்க்கிறீர்களா?” என்றிருந்தது, ‘நாங்கள்’ என்று திருத்தியவுடன் அந்தப் பக்கத்தில் கதவு சாத்தப்பட்ட ஓசை கேட்டது. ‘ஆம்’ விகுதிகளின் அடியில் கோடிட்டு, ஓரத்தில் “இவள் எந்த இடத்திலிருந்து இதை நம்பத் தொடங்குகிறாள்?” என்று எழுதியிருந்தார். அந்த ஒரு கேள்விதான் மூன்றாம் அத்தியாயத்துக்கு வழி திறந்தது. பேருந்து புறப்படும் வரை ‘ஆம்’ இருக்கிறது. கிழவி படியில் கால் வைக்கும்போது அது உதிர்ந்துவிடுகிறது. மகள் அதன் பிறகு நேரில் பார்த்தவளைப் போலவே சொல்கிறாள், செக்கர்கள் இறங்கிப் போனபின் விகுதி மீண்டும் வந்து ஒட்டிக்கொள்கிறது. படர்க்கைக்குப் போகாமலே படர்க்கையின் உடனடித்தன்மை கிடைத்தது.

அதே அத்தியாயத்தின் நடுவில், கிழவி சில்லறையைத் தேடுகிற இடத்தில், “அப்பா டிக்கெட் கட்டை எடுத்தாராம்” என்ற வரியில் ‘எடுத்தாராம்’ என்பதை மட்டும் வட்டமிட்டு, “24 வயதிலும் இவர் உங்கள் கதைசொல்லிக்கு ‘அவர்’தானா?” என்று கேட்டிருந்தார். அறிக்கையின் 11 பக்கமும் சொல்லாததை அந்த வட்டம் சொல்லிவிட்டது. மகளுக்கு இப்போது 41 வயது. அந்தப் பேருந்தில் நிற்கிற நடத்துநர் அவளைவிடப் பதினேழு வயது இளையவன். பெயர் எதுவும் வேண்டாமலே, தன்மையை விட்டுவிடாமலே, அந்தப் பன்னிரண்டு பக்கங்களில் மட்டும் அவள் தன் தந்தையை ‘அவன்’ என்று சொல்கிறாள். மறுநாள் காலை சஸ்பெண்ட் உத்தரவை வாங்கிக்கொண்டு டிப்போவை விட்டு வெளியே வரும்போது ‘அவர்’ ஆகிவிடுகிறார்.